இழப்பு பூஜ்யம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் உரையாசிரியர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. மற்றவர்கள் எழுதும் மென்பொருளுக்கு விளக்கம் எழுதுவது அவள் வேலை. அதற்கு முன்னால் சலவை இயந்திரத்துக்கும் நீர்சூடாக்கிக்கும் பெட்டிக்குள் போடும் கையேடுகளை எழுதிக்கொண்டிருந்தாள். அவற்றைப் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கணவனே ஒன்றை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தான்.

புது வேலை வேறு மாதிரி. ஆன்டெனா நிறுத்துவதற்கும் கேபிள் இழுப்பதற்கும் முன்னால், ஒரு நெட்வொர்க்கைக் கணினிக்குள்ளேயே கட்டி ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் கருவிகளை அவள் நிறுவனம் செய்தது. முன்பெல்லாம் அவற்றைப் பொறியாளர்கள் இயக்கினார்கள், இப்போது கொடுத்த வேலையைத் தாமாகவே செய்து முடிக்கும் ஏ.ஐ. ஏஜென்ட்டுகள். எந்தக் கட்டளை என்ன செய்யும், எந்த இடத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று அந்த ஏஜென்ட்டுகளுக்காகப் பக்கம் பக்கமாக எழுதினாள். அவை ஒரு வரி விடாமல் படித்தன. எழுதியபடியே செய்தன.

"இப்பதான் என்னை முழுசாப் படிக்க ஆள் கிடைச்சிருக்கு" என்று வீட்டில் பெருமை அடித்துக்கொள்வாள்.

அதே வீட்டின் மாடியில் கொழுந்தனும் ஓரகத்தியும் இருந்தார்கள். கொழுந்தன் ஆன்டெனா பொருத்துகிறவன். நகரத்தின் மழைநீரை வெளியேற்றும் பம்பு நிலையங்களை ரேடியோ மூலம் இணைக்கும் வேலையை அவனுடைய ஒப்பந்தக்காரர் எடுத்திருந்தார். அதைத் திட்டமிட்டது அவள் நிறுவனத்தின் கருவிதான். இரண்டு பேர் வேலையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

முதல் பெருமழையில் இணைப்பு விட்டு விட்டுத் துண்டானது. ஓடச் சொன்ன கட்டளை போய்ச் சேராமல், பள்ளத்துத் தெருவின் பம்பு சும்மா நின்றது. தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. யார் உயிருக்கும் ஆபத்தில்லை. கட்டில், மெத்தை, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் ஊறிப்போயின. சிமுலேஷனில் சரியாக வந்ததால், பொருத்தியதில்தான் கோளாறு என்று ஒப்பந்தக்காரர் முடிவு கட்டினார். கொழுந்தனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"உங்க ஆபீஸ்ல பாத்தா ஏதாவது தெரியுமாக்கா?" என்று ஓரகத்தி கேட்டாள்.

அவனுக்கு உதவத்தான் மறுநாள் அந்தச் சிமுலேஷனைத் திறந்தாள். நிலையங்களின் பெயர்களைப் பார்த்ததும் சுருக்கென்றது. ஒன்று 'கூடம்', இன்னொன்று 'சமையலறை'. தன் விளக்கத்தில் மாதிரிக்காக அவள் விளையாட்டாகப் போட்ட பெயர்கள். ஏஜென்ட் அந்த மாதிரியை அப்படியே எடுத்து, தூரத்தையும் கம்பத்தின் உயரத்தையும் மட்டும் மாற்றியிருந்தது. வழியில் எவ்வளவு தகவல் தொலையும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், இழப்பு: பூஜ்யம்.

அந்தப் பூஜ்யமும் அவள் போட்டதுதான். அந்த இடம் காலியாக இருந்தால் கருவி ஓடாது. எதையோ போட்டு வைத்தாள். மழையில் ரேடியோ அலை தேயும், இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுத நினைத்ததும் ஞாபகம் வந்தது. பொறியாளருக்குத் தெரியாததா என்று விட்டிருந்தாள். படிக்கப்போவது பொறியாளர் இல்லை என்பதை அப்போது மறந்துவிட்டாள்.

உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் விளக்கப் பக்கத்தைத் திறந்து, அந்த ஒரு வரியைச் சேர்த்து, சத்தமில்லாமல் மூடினாள்.

மாலையில் மேலாளர் வந்து, "மழை பத்தி ஒரு வரி சேத்திருக்கீங்க போல. நல்ல யோசனை" என்றார். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து ஓரகத்தியிடம், "பாத்தேன், ஒண்ணும் பிடிபடல" என்றாள். சொன்ன வாய் கசந்தது.

அதற்குப் பிறகு மாடிப்படியில் காலடி கேட்டாலே உள்ளே போய்விடுவாள். வேலைக்குப் போகிற வழியை விட்டு ஒருநாள் பள்ளத்துத் தெருவுக்குள் நடந்தாள். மதில்களின் மேல் மெத்தைகள் காய்ந்துகொண்டிருந்தன. வாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "சேதத்தைப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

"அப்ப பாத்துப் போங்க. வழுக்கும்."

அவள் வந்த வழியே திரும்பி வேகமாக நடந்தாள்.

விடுமுறை நாளில் கொழுந்தன் தானாகவே கீழே வந்தான். முகத்தில் தாடி மண்டியிருந்தது. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. தப்பு என்னோடதுதான்னு நினைக்கிறேன்."

"எது?"

"அந்தக் கம்பத்துல கடைசி போல்ட்டு. மொதல்ல முடுக்கினதாத்தான் நெனச்சேன். இப்ப கண்ணை மூடினா முடுக்காம எறங்கின மாதிரியே தெரியுது. அந்தத் தெரு ஜனங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீ ஒழுங்காத்தான் முடுக்கியிருப்பே. தப்பு அங்க இல்ல. என்கிட்ட இருக்கு." மாதிரி, பூஜ்யம், யாருக்கும் தெரியாமல் சேர்த்த வரி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அவ கேட்ட மறுநாளே."

அவன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கேன்" என்று மெல்லச் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அலுவலகத்தில் அவள் போய்ச் சொன்னபோது மேலாளர் கைகழுவத் தயாராக இருந்தார். "ஏஜென்ட் பாத்திருக்கணும், ஒப்புதல் குடுத்தவங்க பாத்திருக்கணும். நீங்க ஏன் இழுத்துத் தலையில போட்டுக்கறீங்க?"

"அவங்க பங்கை அவங்க சொல்லட்டும் சார். என் பங்கை இன்னொருத்தர் சுமந்துக்கிட்டு இருக்கார்."

சப்பைக்கட்டு எதுவும் இல்லாமல், நடந்ததை ஒப்பந்தக்காரருக்கு எழுதி அனுப்பினாள். ஆள் ஏறிப் பார்த்ததில் கம்பத்தில் எல்லாம் இறுக்கமாகவே இருந்தது. மழையைக் கணக்கில் சேர்த்து மறுபடி ஓட்டியபோது, கணினிக்குள்ளும் அதே பம்பு நின்றது. அந்தத் தெருவுக்குக் கேபிள் போட முடிவானது. கொழுந்தனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் எழுதுவதை இனி இன்னொருவரும் படித்துப் பார்த்துத்தான் வெளியிட வேண்டும் என்றார்கள். அது மட்டும்தான் தண்டனை. பள்ளத்துத் தெருவில் யாருக்கும் அவளைத் தெரியாது. போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டாள்.

ஓரகத்தி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது இருவரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள்.

"வேலை போனதுக்குக் கோவமில்ல" என்றாள் ஓரகத்தி. "அவரு தன்னையே சந்தேகப்பட்டுக் கரைஞ்சுக்கிட்டு இருந்தாரே. தப்பு அவர்மேல இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே கீழ எப்படி இருந்தீங்க?"

"தெரியல. பயந்துட்டேன்."

ஓரகத்தி கடைசிப் புடவையை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்ச நாளாகும்க்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.