மடக்கி உழுத சணப்பு

மாடித்தோட்டத்துக்கு வாங்கிய மக்கிய உரமூட்டையைப் பிரித்ததும் எழுந்த தழை வாசனையில், வடக்குத்து ஊர்ப்பக்கம் நிலக்கரி மைன்ஸுக்குப் போன எங்கள் நிலம் நினைவுக்கு வந்தது. கட்டாந்தரையாய்க் கிடந்த அந்தச் செம்மண்ணை அப்பா வருஷாவருஷம் எருவடித்து, தழையுரத்துக்காகச் சணப்பு விதைத்து, அது பூத்ததும் மடக்கி உழுது, கால் வைத்தால் அமுங்குகிற மண்ணாக்கியிருந்தார்.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதும் சணப்பு மஞ்சளாய்ப் பூத்து நின்றது. அப்பா ஏர் பூட்டினார்.

“மெஷினு வாரிக்கினு போற மண்ணுக்கு எதுக்குங்க தழை?” என்று அம்மா அழுதாள்.

“பூ வச்சுடுச்சு. இப்ப உழலன்னா வீணாப் பூடும்,” என்றார் அப்பா.

தழை மக்கும் முன்பே மண்ணை வாரிவிட்டார்கள். பிறகு அப்பா அதே மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் மண்ணை எந்த மண்மேட்டில் கொட்டினார்கள் என்று அவருக்குத் தெரியும். எத்தனை முறை கேட்டும் அவர் எனக்குக் காட்டவே இல்லை.