ஓடுதா அக்காவின் குரல்

எங்கள் கடைத்தெருவில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஃபேன் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் விற்ற பிறகும் நம்மை ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்தப் பெருமை கடைக்குச் சேராது, ஓடுதா அக்காவுக்குத்தான் சேரும்.

ஃபோன் எடுப்பது அவள் வேலை. யார் வீட்டுக்காவது மெக்கானிக் போய்வந்தால், மறுநாள் அவளே கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் "ஓடுதா?" என்பாள். வணக்கமெல்லாம் அப்புறம். ஓடவில்லையென்றால் மெக்கானிக் பாடு திண்டாட்டம். "நேத்து என்னத்தப் பார்த்துட்டு வந்தீங்க?" என்று சாப்பிடக்கூட விடாமல் விரட்டுவாள். என் வீட்டு வாஷிங் மெஷினுக்காக என்னைவிட அதிகம் கவலைப்பட்டவள் அவள்.

திடீரென்று முதலாளிக்குக் கடையை நவீனமாக்கும் ஆசை வந்தது. ஃபோனில் பதிவுக் குரல் வைக்கப் போவதாகச் சொல்லி, "உன் குரல்தான் ஜனங்களுக்குப் பழக்கம், நீயே பேசிடும்மா" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கணவர் முன்னால் ஒத்திகை பார்த்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். ஊழியருடன் பேச ஒன்றை அழுத்தவும். எங்கள் ஊழியர் விரைவில் உங்களுடன் பேசுவார்."

"என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்று கேட்டார் கணவர்.

பதிவு முடிந்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம். "அந்த ஊழியர் யாருங்க?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற முதலாளி, அடுத்த மாதமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குரல் மட்டும் வேலையில் நீடித்தது. காய்கறி வாங்கப் போகும் இடத்தில்கூடக் குரலை அடையாளம் கண்டு, "எவ்வளவு நேரம்மா காக்க வைப்ப?" என்று சண்டைக்கு வந்தார்கள். அக்கா வெளியில் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டாள்.

இந்தக் கோடையில் அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. அதே கடையில் வாங்கியதுதான். உள்ளே கணவருக்கான இன்சுலின் இருந்தது. அக்கம்பக்கத்தில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. மருந்தைச் சுற்றி மிச்சமிருந்த ஐஸ்கட்டியை வைத்துவிட்டுக் கடைக்கு ஃபோன் போட்டாள். அவள் அழைப்பு மிகவும் முக்கியம் என்று அவளே அவளிடம் சொன்னாள். கேட்கக் கேட்க எரிச்சல் தாங்காமல் ஃபோனைக் கணவர் கையில் கொடுத்து, "நீங்க பிடிச்சிட்டிருங்க, நான் நேர்ல போறேன்" என்று கிளம்பினாள்.

அப்போது நான் பழுதான இஸ்திரிப் பெட்டியோடு கடை வரிசையில் நின்றிருந்தேன். அக்காவின் பழைய மேசையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்க மாட்டீங்களா?" என்றாள் அக்கா, உள்ளே நுழைந்தபடியே.

"எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதை எடுக்கறதுக்கு இன்னும் ஆள் போடலையாம்."

அடிக்கிற ஃபோனைச் சும்மா விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. எடுத்துவிட்டாள். "சொல்லுங்க."

மறுமுனையில் பொத்தானை அழுத்தும் சத்தம். அப்புறம் இன்னொரு தடவை.

"சொல்லுங்க, யாரு பேசறது?"

"காலையிலேர்ந்து நீயேதான் பேசிட்டிருக்க!" என்று அவள் கணவர் கத்தியது வரிசைக்கே கேட்டது. "போதும், ஆளைக் கொடு!"

சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தாங்க, நிஜமாவே நான்தான்" என்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்குப் போங்க. ஐஸ் கரையறதுக்குள்ள."

அவர் கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளியை ஒருமுறை பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அக்கா ஃபோனை வைத்ததும் அது மறுபடி அடித்தது. முதலாளி எழுந்து வெளியே வருவதற்குள் எடுத்துவிட்டாள்.

"ஓடலையா?" என்றாள்.