சிவப்பு அம்பு ஒட்டிய அப்பா

மூன்று வருடங்களுக்கு முன்பு நாங்கள் திருமுருகன்பூண்டியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மூத்த மகளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு. பள்ளிக்கூடத்தில் மிஸ் அதட்டுகிறார் என்று மூத்தவள் தினமும் அழுதுகொண்டேதான் வேன் ஏறுவாள். செல்போனில் நாலு வீடியோ பார்த்த தெம்பில், இனிமேல் இரண்டு பேருக்கும் வீட்டிலேயே பாடம் என்று அறிவித்துவிட்டேன். பத்தாவது கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவனுக்கு வாத்தியார் ஆசை வந்தால் யார்தான் தடுக்க முடியும்?

பகலில் மனைவி சொல்லிக்கொடுப்பாள். சாயங்காலம் நான் வந்து திருத்துவேன். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. மூத்தவள் எழுதித் தள்ளினாள். சிலிண்டர் போட வந்தவர், வெங்காயம் நறுக்கி அழுத அம்மா, மொட்டை மாடிக் காக்கா என்று எல்லாமே அவளுக்குக் கதைதான். நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நோட்டோடு வாசலுக்கு ஓடி வந்துவிடுவாள்.

வினை என் தொழிலிலிருந்து வந்தது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனில் தையல் விட்ட இடத்திலும் எண்ணெய்க் கறை பட்ட இடத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். ஒருநாள் அந்த ஸ்டிக்கர் அட்டை என் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. விளையாட்டாக அவள் நோட்டில் ஒட்ட ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே பதினேழு அம்பு. என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று எனக்கு ஒரே பெருமை. அம்பு பட்ட கதையை முழுதாகத் திரும்ப எழுத வேண்டும் என்று சட்டம் வேறு போட்டேன்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, இது ஊடுங்களா, கம்பெனிங்களா? புள்ள நோட்டு முள்ளு மொளச்சாப்டி கெடக்குது."

"தப்பக் காட்டுனாத்தான திருந்தும்" என்றேன்.

திருந்தவும் செய்தது. பதினேழு ஒன்பதாகி, மூன்றாகி, ஒரு வாரம் அம்பே ஒட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் டீக்கடையில் என் பேச்சைக் கேட்டவர்கள், நான் சீக்கிரமே பள்ளிக்கூடம் கட்டிவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். அவள் வாசலுக்கு ஓடி வருவதை எப்போது நிறுத்தினாள் என்பதை மட்டும் இந்தச் செக்கிங் கண் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் சோமனூரிலிருந்து வந்திருந்தார். பெருமையாக நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் மெதுவாகப் புரட்டினார். கதை ஒன்றும் இல்லை. அம்மா, அப்பா, மரம், படம் என்று தப்பு வராத சொற்கள் மட்டும். அடுத்த பக்கம் அம்மா, அப்பா, மரம். அதற்கடுத்த பக்கத்திலும் அதேதான்.

"ஏனுங் மாப்ள, தப்பில்லீங்க. ஆனா சரக்கையே காணமுங்களே" என்று சிரித்தார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாமாவுக்கு ஒரு கதை எழுதிக் காட்டு கண்ணு" என்று பென்சிலைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"தப்பாப் போயிருமுங்ப்பா."

"அக்கா எழுதுவா மாமா. எழுதிக் கிழிச்சு வாசிங் மிசினுக்குப் பின்னால போட்டுருவா" என்றாள் சின்னவள்.

போய்ப் பார்த்தோம். ஈரத்தில் ஊறி ஒட்டிப்போன காகிதங்கள். படிக்க முடிந்தது ஒரே ஒரு துண்டுதான். "மேல் வீட்டு நாய் இன்னைக்கு" என்று இருந்தது. மீதியைக் காணோம். நாய் என்ன செய்தது என்று கெஞ்சிக் கேட்டேன். "மறந்துட்டனுங்ப்பா" என்றாள். மறக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கம்பெனியில் எங்கள் தையல் லைனில் அம்பு அதிகமாக விழுந்த டெய்லர்கள் பயத்தில் வேகம் குறைந்துபோய், கடைசியில் ஒரு பீஸுக்கு மூன்று தடவை மேஸ்திரி முகத்தைப் பார்ப்பதை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். சொந்த மகளிடம் அது எனக்குத் தெரியாமல் போனது.

அடுத்த ஜூனில் இரண்டு பேரையும் மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மிஸ் அதட்டுகிறார் என்று கூட்டிவந்த பிள்ளையை, அதட்டாமலேயே அதைவிடப் பயப்பட வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது மூன்றாவது படிக்கிறாள். போர்டில் இருப்பதைப் பிழையில்லாமல் எழுதுகிறாள், முத்து முத்தான கையெழுத்து. சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பாளாம். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில், "உங்க பொண்ணு நோட்டுல தப்பே இருக்காதுங்க" என்று டீச்சர் பாராட்டினார். மற்ற பெற்றோர் பொறாமையோடு திரும்பிப் பார்க்க, என் மகளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.