அண்ணன் கழற்றிப் போட்ட பிஸ்டல்

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பழைய பிஸ்டல். மண்டி மொஹல்லா கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்த அப்பா, பணப்பையோடு போய்வர வேண்டியிருந்ததால் வாங்கியது. ஒப்படைப்பதற்கு முன் அதைக் கழற்றித் துடைத்து மாட்டும் வேலையை என்னிடம்தான் கொடுப்பார். அண்ணனுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

அப்பா போனபின் லைசென்ஸ் அண்ணன் பெயருக்கு மாறியது. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அதே வாரம் வீட்டுக்கும் அப்படி ஒரு கையெழுத்து வாங்கினான். உன் பாகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றான். பேசவில்லை. ஒருகட்டத்தில் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் அவன் ஒரு வாசலில் வெளியேறுவான், நான் இன்னொன்றில்.

போன தேர்தலுக்கு முந்தைய தேர்தலின்போது ஒரு சனிக்கிழமை காலை போனில் அவன் பெயர் தெரிந்தது. வீட்டுக்குக் கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை உடுத்தி, வழியில் பேக்கரியில் அண்ணிக்குப் பிடித்த தில்பசந்த் வாங்கிக்கொண்டேன். பேசத்தான் கூப்பிடுகிறான் என்று நம்பினேன். வீடு அவனிடமே இருக்கட்டும், உட்கார்ந்து பேசினால் போதும் என்றுகூட வண்டி ஓட்டிக்கொண்டே முடிவு செய்தேன்.

சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, பிஸ்டல் பாகம் பாகமாகக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது.

"இன்னிக்குக் கடைசி நாளுடா. இப்படிக் கவர்ல போட்டுக் கொண்டுபோனா லைசென்சையே பிடுங்கிடுவாங்க. ஸ்வல்ப நோடு, கொஞ்சம் பாரு" என்றான். வீடியோ பார்த்துக் கழற்றியிருக்கிறான். கழற்ற வந்துவிட்டது, மாட்டத்தான் வரவில்லையாம்.

"கழட்டிக்கிறது உனக்கு எப்பவும் நல்லா வரும்ணா" என்றேன்.

அண்ணி தில்பசந்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அவன் காதில் விழாததுபோல் நின்றான். லைசென்ஸ் அவன் பெயரில் என்பதால் பக்கத்தில் அவன் நிற்கத்தான் வேண்டும்.

தோட்டாக்கள் தனியே பெட்டியில் இருக்கின்றனவா, பேரல் காலியா என்று முதலில் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசின்போல் பிடித்துக்கொள்ளும். பழைய பனியனால் அதை முழுக்கத் துடைத்தெடுத்து, தையல் மெஷின் எண்ணெய் கேட்டு வாங்கித் தொட்டுத் தடவினேன். தவறு எங்கே என்று உடனே தெரிந்தது. ஸ்பிரிங்குக்குள் போகும் கம்பியை அவன் திருப்பிப் போட்டிருந்தான். சரியாக வைத்ததும் மேல்பாகமான ஸ்லைடு தடங்கலின்றி ஏறி உட்கார்ந்தது. இழுத்து விட்டேன். அப்பா காலத்தில் கேட்ட அதே சத்தம்.

அண்ணி விருந்தாளிக்கான பீங்கான் கப்பில் டீ கொண்டுவந்து வைத்தார். அண்ணன் ஸ்லைடை நான்கைந்து தடவை இழுத்துப் பார்த்தான். நான் டீயை மெதுவாகக் குடித்தேன். இனி சொல்வான் என்று காத்திருந்தேன்.

"இன்னொரு வாட்டி கழட்டி மாட்டு" என்றான்.

சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவன் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து நிறுத்தினான்.

"வீடியோ எடுத்து வெச்சுக்கறேன். அடுத்த எலெக்‌ஷனுக்கு உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம் பாரு."

கழற்றினேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. ஒவ்வொரு பாகத்தையும் திருப்பிக் காட்டி, வரிசையாக வைத்தேன். கம்பியின் எந்த முனை உள்ளே போக வேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

"கை மறைக்குது, கொஞ்சம் தள்ளு" என்றான்.

தள்ளினேன்.

அதற்குப் பிறகு இன்னொரு தேர்தலும் வந்துபோயிற்று. போன் வரவில்லை. வீடியோ தெளிவாகத்தான் பதிவாகியிருக்க வேண்டும்.