பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி

மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவர்களில் பாதிப் பேர், அதை யாராவது படிப்பார்கள் என்று நினைத்து எழுதுவதில்லை. மீதிப் பாதிப் பேர், தாங்கள் எழுதியதைத் தாங்களே ஒரு தடவை செய்து பார்ப்பதில்லை. இரண்டையும் நான் தெரிந்துகொண்டது திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த வெளிநாட்டு வேலை ஏஜென்சியில்.

எனக்கு நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்து என்னை மன்னார்குடியில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பியபோது, ஒரு வருஷமாவது பக்கத்தில் எங்கேயாவது வேலை பார் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் தினமும் இரண்டு பஸ் மாறி அந்த மாடிக்குப் போனேன்.

முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் ஒரு கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பியவர். இப்போது சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை வாங்கித் தருகிறார். நாகப்பட்டினத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் ஆள் வரும். டிரைவர், வெல்டர், கொத்தனார், சமையல்காரர். ஒவ்வொருவருக்கும் ஒரு தமிழ்ப் படிவம் உண்டு. பெயர், அப்பா பெயர், ஊர், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை வீட்டார் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பாய் கையெழுத்து வாங்குவார்.

இந்தப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, சென்னையிலிருந்து ஒருவர் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார். தோளில் லேப்டாப் பை, காதில் போன், கீழே ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த காப்பியைக்கூட முகம் சுளித்துத்தான் குடித்தார். அவர் போட்டுக்கொடுத்த டேட்டாபேஸும் சரி, அதற்கான டிரைவரும் சரி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்தவை. அவற்றைத் தானே பெற்று வளர்த்த மாதிரி பாயிடம் பேசினார்.

டிரைவர் என்றதும் பாய் லாரியை நினைத்துக்கொண்டார். நான் விளக்கிச் சொன்னேன். நாங்கள் தட்டச்சு செய்யும் திரை ஒரு மென்பொருள். தகவலைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் இன்னொன்று. ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிக் கொடுப்பது டிரைவர். எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும், யார் பெயரில் நுழைய வேண்டும், கடவுச்சொல் என்ன என்பதையெல்லாம் அதற்கு ஒரே வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு இணைப்பு வரி என்று பெயர். பாய் கேட்டுவிட்டு, "தரகர்னு சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

அந்தத் தரகருக்குத் தமிழ் தெரியவில்லை. நான் தமிழில் அடித்தேன், திரையில் தமிழ் தெரிந்தது. சேமித்துவிட்டு அச்செடுத்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அப்பா பெயருக்கும் கேள்விக்குறி, ஊருக்கும் கேள்விக்குறி. சென்னைக்காரருக்குப் போன் செய்தேன்.

"இங்கிலீஷ்லயே அடிங்க மேடம். ஃபாரின் போறவங்களுக்குத் தமிழ் எதுக்கு?" என்றார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

நானும் முதலில் அதை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேள்விக்குறிமேல் பேனாவால் பெயரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவசரத்தில் ஒரு படிவத்தை அப்படியே நீட்டிவிட்டேன். வாங்கியது ஒரு தாய். மகன் வெல்டர் வேலைக்குப் போகிறான். அவன் மன்னார்குடிக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தான். அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எம் புள்ள பேரு எதும்மா?"

நான் வரியைக் காட்டினேன்.

"இதா பேரு? எல்லாம் ஒரே கொக்கியால்ல இருக்கு" என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனா எழுத்துன்னா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுன்னு தெரியும்."

பாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் முதன்முதலில் போனபோது ஏஜென்ட் காகிதத்தில் அவருடைய அத்தா பெயரைத் தப்பாக எழுதிவிட்டானாம். திருத்தப் போனால் வேலை போய்விடும் என்று பயந்து விட்டுவிட்டாராம்.

"பன்னெண்டு வருஷம் வேற யாருக்கோ மகனா இருந்துட்டு வந்தேன். இங்க அது நடக்கக் கூடாதும்மா. சரியா வர்ற வரைக்கும் கையால எழுது. ஆனா சரி பண்ணு."

கையேட்டைத் திறந்தேன். இலவச டிரைவரின் இலவசக் கையேடு. இணைப்பு வரி எழுதுவது எப்படி என்று ஒரு பக்கம். முதல் வாக்கியத்திலேயே 'சும்மா இந்த வரியைச் சேர்த்தால் போதும்' என்றது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைப் பற்றி மொத்தமே ஒரு வாக்கியம். 'பிற எழுத்துமுறைகளுக்குத் தகுந்த அமைப்பைத் தகுந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளவும்.' எது தகுந்தது, எங்கே தகுந்த இடம் என்று இல்லை. காய்ச்சலோடு வந்தவனைத் தகுந்த மருந்தைத் தகுந்த வேளையில் சாப்பிடு என்று சொல்லி அனுப்புகிற டாக்டரை ஊரில் விட்டு வைப்பார்களா? மென்பொருளில் அப்படிப்பட்டவருக்கு நிபுணர் என்று பட்டம்.

பாய் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

"எழுதுனவன் ஒரு தடவையாவது செஞ்சு பாத்தானாம்மா?"

இணையத்தில் தேடினேன். டயல் செய்து இணைப்பு வாங்க வேண்டிய காலம். ஒரு பக்கம் வருவதற்குள் கீழே கடையில் ஒரு புடவை விற்றுவிடும். யாரோ ஒரு கிழக்காசியக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அதே டிரைவர், அதே கேள்விக்குறி. ஓடிப்போய் அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கீழே பதில் ஒன்றே ஒன்று, அதையும் அவரே எழுதியிருந்தார். 'சரியாகிவிட்டது, நன்றி.' எப்படிச் சரியானது என்று ஒரு சொல் இல்லை. கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு போகிற மனிதர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கையேடு கைவிட்டதால் டிரைவரின் நிரலையே பிரித்துப் பார்த்தேன். திறந்த மூலம் என்பதால் அதற்குத் தடை இல்லை. ஐந்து நாள் ஆயிற்று. ஒரு கோப்பில், இணைப்பு வரி ஏற்றுக்கொள்ளும் அமைப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று எழுத்துக் குறியாக்கத்துக்கானது, அதாவது எந்த எழுத்தை எந்த எண்ணாகச் சேமிப்பது என்பதற்கானது. அதை வரியின் கடைசியில் சேர்த்து, டேட்டாபேஸ் அட்டவணையிலும் அதே குறியாக்கத்தைப் போட்டு, வெல்டர் பையனின் படிவத்தை அச்செடுத்தேன்.

கேள்விக்குறி.

மேலும் மூன்று நாள் வரியில் இருந்தவற்றை முன்னும் பின்னும் இடம் மாற்றி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அதே படிவம், அதே கொக்கிகள். மூன்றாம் நாள் மத்தியானம் கோட்டூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். அவருடைய விவரங்களைப் பழக்கத்தில் தமிழிலேயே அடித்து, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு அச்செடுத்தேன். பெயர் வந்தது. முழுசாக, புள்ளி கொம்பு காலோடு வந்தது. அவர் அப்பா பெயரும் ஊரும்கூட வந்தன. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததில் கொத்தனார் பயந்துபோய், ஏதாவது தப்பா என்று கேட்டார்.

அப்போதுதான் புரிந்தது. வரி மூன்று நாளாகச் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பழைய பெயர்கள் சேமிக்கும்போதே கேள்விக்குறியாக மாறி உள்ளே போய்விட்டன. அவை இனி எந்த அமைப்பாலும் திரும்பி வராது. செத்தவனுக்கு மூன்று நாள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சென்னைக்காரரை எவ்வளவு திட்டினேனோ அவ்வளவும் என்னையும் திட்டிக்கொண்டேன். காகிதங்களைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி அடிக்க இரண்டு வாரம் ஆனது. வெல்டரின் தாய் வந்தபோது புதுப் படிவத்தைக் கொடுத்தேன். மகன் பெயர் எது, வீட்டுக்காரர் பெயர் எது என்று கேட்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். 'சரியாகிவிட்டது, நன்றி' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிற ஆளாக இருக்க மனம் வரவில்லை. அந்த டிரைவரை எழுதுகிறவர்களுக்கென்று ஒரு மடல் குழு இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினேன். இணைப்பு வரியில் எதைச் சேர்க்க வேண்டும், அட்டவணையில் எதை மாற்ற வேண்டும், பழைய தகவல் திரும்பாது, ஆகவே புதிதாக ஒரு பெயரை ஏற்றிச் சோதிக்க வேண்டும். கையேட்டில் இதைச் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாளே பதில் வந்தது. கையேட்டுக்குப் பொறுப்பான ஆள் எழுதியிருந்தார். குறியாக்கம் என்றால் என்னவென்று அறிந்த எவருக்கும் இது தெரிந்த விஷயம், கையேடு என்பது பாலபாடம் அல்ல, கேட்பதற்கு முன் படிக்கவும். அடியில் அவர் பெயர் இருந்தது. தமிழ்ப் பெயர்.

வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. நம்மூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்துவிட்டு, கப்பல் ஏறியதும் கரையில் நிற்கிறவனைப் பார்த்து உனக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்கிற ஜாதி. மன்னார்குடியில் எங்களுக்கு வந்த சில ஆசிரியர்களும் இப்படித்தான். கேள்வி கேட்டால் எந்த ஊர் என்று கேட்பார்கள், ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். பதில் மட்டும் வராது. அவர்களிடம் நான் வாயைத் திறந்ததில்லை. இந்த ஆளுக்கு என் ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. அந்தத் தைரியத்தில் திருப்பி எழுதினேன்.

ஐயா, உங்கள் கையேட்டில் எடுத்துக்காட்டாகக் கொடுத்துள்ள இணைப்பு வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக உங்கள் அப்பா பெயரைத் தமிழில் ஏற்றுங்கள். திரும்ப எடுத்து, வருவதை எல்லோரும் பார்க்க இந்தக் குழுவில் போடுங்கள். இதுதான் கடிதம். கூடவே அந்தப் பக்கத்தை முழுதாகத் திருத்தி எழுதி இணைத்திருந்தேன். அதில் இருந்த எட்டு 'சும்மா'க்களையும் நீக்கியிருந்தேன்.

ஒன்பது நாள் பேச்சு மூச்சு இல்லை. பாய் தினமும் கேட்டார். பத்தாம் நாள் குழுவுக்கு ஒரே சொல்லில் கடிதம் வந்தது. 'சேர்க்கப்பட்டது.' மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. பாயிடம் காட்டினேன். "ஒத்துக்கிட்டான்ல, விடு" என்றார்.

இரண்டு நாள் கழித்து என் முகவரிக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது, தமிழில். அவர் கும்பகோணத்துக்காரர், வெளிநாடு போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த எடுத்துக்காட்டு வரியை எழுதியது அவரேதான். நான் சொன்னபடி செய்ததில் அப்பா பெயருக்கு ஒன்பது கேள்விக்குறி வந்ததாம். ஆங்கிலத்தைத் தவிர வேறு எதையும் அதில் ஏற்றிப் பார்த்ததே இல்லை என்று ஒத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். எல்லா 'சும்மா'வையும் ஏன் எடுத்தீர்கள்?

தெரிந்தவனுக்கு அந்தச் சொல் வேண்டியதில்லை, தெரியாதவனுக்கு அது திட்டு என்று எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் மற்ற பக்கங்களிலிருந்தும் அந்தச் சொல் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதைக் கவனித்தேன்.

அந்த வருஷம் முடிந்ததும் சென்னைக்குப் போனேன். பகலில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கையேடு. சில வருஷங்களில் இணைப்புப் பகுதி முழுவதும் என் பொறுப்புக்கு வந்தது. கும்பகோணத்துக்காரர் வேறு எதற்கோ போய்விட்டார். கடிதங்கள் இப்போது எனக்கு வரத் தொடங்கின.

ஒருநாள் ஓர் இளம்பெண் எங்கிருந்தோ எழுதினாள். நான் எழுதிய மூன்றாவது படி புதிய பதிப்பில் வேலை செய்யவில்லையாம். அவளுடைய ஆங்கிலம் நான் அகராதி வைத்து எழுதியதைவிட மோசம். படித்ததும் என் மனதில் முதலில் வந்த வார்த்தை, இதுகூடத் தெரியவில்லையா என்பதுதான். பதிலாக இரண்டு வரி எழுதியும்விட்டேன், கேட்பதற்கு முன் படிக்கவும் என்ற தோரணையில். அனுப்பவில்லை. மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் சொன்னபடி ஒரு தடவை செய்து பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. என் வரியை அழித்துவிட்டு அவளுடையதைப் போட்டேன், கீழே அவள் பெயரையும் அவளுடைய மொழியின் எழுத்திலேயே போட்டேன்.