கிளிக்கூட்டின் கீழே ஒரு வெள்ளைத் துண்டு

இதை எழுதுபவன் பி.ஏ. தேறி ஊருக்குத் திரும்பிய ஆண்டு 1937. வெல்லாவெளிப் பக்கத்தில் அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்ட முதல் ஆள் அவன்தான். உத்தியோகத்துக்கு உடுத்திக்கொண்டு போக நல்ல கைத்தறி வேட்டி தேடி அவன் காத்தான்குடிக்குப் போனபோது, நெசவுகாரர் மஜீட் தன் கிளிக்கூட்டின் கீழே குந்தியிருந்தார். வந்தவனை ஒரு கண் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கூட்டின் அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணித்துண்டில் கிளியின் எச்சம் கிடந்தது.

“தம்பி படிச்ச ஆளாட்டம் இரிக்கி. இது என்ன நிறம், செல்லுங்க பாப்பம்?”

“பச்சை.”

“எத்தின வருசம் படிச்சீங்க?” என்று கேட்டுவிட்டு மஜீட் ஈர்க்குச்சியால் சுட்டிக் காட்டினார். “பச்சையும் இரிக்கி, வெள்ளையும் இரிக்கி, சுத்திவரத் தண்ணியும் இரிக்கி. மூணும் பிரிஞ்சி நிண்டாத்தான் குருவிக்குச் சொகம். இந்த வெள்ளையப் பாருங்க.”

வெள்ளையாக இருக்கவேண்டிய பங்கு மஞ்சளாக இருந்தது.

“ஆரோ இதுக்கு என்னத்தையோ குடுக்கிறான்” என்றார் மஜீட், வேலிப்பக்கம் ஒரு பார்வை விட்டபடி.

மஜீடின் சுபாவம் அது. நூல் வாங்கினால் கடை வாசலிலேயே நனைத்துப் பார்ப்பார். லேகியம் வாங்கினால் விற்பவனை முதலில் ஒரு விரல் நக்கச் சொல்வார். அவர் குருவி என்று சொல்லும் அந்தக் கிளி, சீனியை மட்டும் ஆறு வருடமாக நம்பினார். விடியத் தொழுதுவிட்டு, இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றுக்கு மாறி, துண்டை எடுத்துப் பார்ப்பார். எச்சம் பட்ட உடுப்போடு தொழக்கூடாது என்பதால், அடுத்த தொழுகைக்குமுன் குளித்து வேறு சாரம் கட்டுவார். துண்டை அலசுவது மனைவி றம்லாவின் வேலை.

இப்போது சீனி சிறகை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தது. பேச்சு நின்றுவிட்டது. மஜீடின் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பாறூக்கின் மேல் விழுந்தது. பாறூக் வாவியில் வலை வீசி மீன் விற்பவர். மாலையில் வேலிக்கு மேலால் கிளிக்குக் கொய்யாப்பழம் நீட்டுவார். நோன்புக்கு முந்திய மாதம் மகளுக்காகச் சீனியைக் கேட்டு, இல்லையென்ற பதிலோடு போனவர்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகை கலைந்த நேரம், நாலு பேருக்கு முன்னால் மஜீட் கேட்டார்:

“குருவிக்கு என்னத்த குடுத்தாய் பாறூக்?”

“கொய்யாப்பழம். என்ட புள்ளைக்குக் குடுத்ததுல பாதி.”

“கிடைக்காத குருவி சாகட்டுமெண்டா?”

பாறூக் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து வேலிக்கு மேலால் ஒரு கையும் வரவில்லை.

மஜீட் கூட்டை வீட்டுக்குள்ளே, தறிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தார். றம்லாவையும் தீன் போட விடவில்லை. அதுவரை விடியலில் மட்டும் ஊறவைத்த பயற்றை உள்ளங்கையில் வைத்து ஊட்டியவர், இப்போது மூன்று வேளையும் தானே ஊட்டினார். மறுநாள் மஞ்சள் கூடியது. அதற்கடுத்த நாள் இன்னும் கூடியது. நாலாம் நாள் சீனி கம்பில் நிற்கமாட்டாமல் கூட்டின் தரையில் இறங்கிவிட்டது.

“இப்பயும் பாறூக் காக்காதான் குடுக்கிறாரா?” என்று கேட்டாள், பாறூக்கை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்னும் றம்லா.

“கூரை ஓட்டைப் பிரிச்சிப் போடுறானோ என்னவோ.”

றம்லா கிணற்றடியிலிருந்து இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். “இஞ்ச பாருங்க. இது போன வருசத் துண்டு. எச்சம் பட்ட தடமே இல்ல. இது நேத்தையது. சவுக்காரம் போட்டுக் கல்லுல அடிச்சும் மஞ்சள் போகல்ல. எச்சம் இப்பிடிப் புடிக்குமா? சாயமெல்லோ இப்பிடிப் புடிக்கும்?”

“பாறூக்குக்கு எங்கால சாயம்?”

“அதத்தான் நானும் கேக்கிறன். மீன் விக்கிற மனிசனுக்கு எங்கால சாயம்? இந்த வீட்டுல சாயத்துல கை வைக்கிறது ஆரு?”

பெருநாள் சாரங்களுக்காக அந்த மாதம் மஜீட் முதன்முதலாகச் சாயக்காரனை நம்பாமல், தூள் வாங்கித் தானே நூலுக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒரு பிடி ஊறிய பயற்றை அள்ளிக் கையை மூடினார். கொஞ்சநேரம் கழித்துத் திறந்தார். பயறு மஞ்சளாகியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் கூட்டைத் தொடவில்லை. றம்லா ஊட்டினாள். அவர் ஒவ்வொரு விடியலிலும் துண்டை மட்டும் பார்த்தார். ஆறாம் நாள் மஞ்சள் வெளிறியது. ஒன்பதாம் நாள் வெள்ளைப் பங்கு வெள்ளையாகவே இருந்தது. சீனி கம்பில் ஏறி, தண்ணீர்ச் சிரட்டையைத் தட்டிவிட்டது.

அன்றைக்கே மஜீட் பாறூக்கின் படலைக் கதவருகே போய் நின்று நடந்ததைச் சொன்னார். பாறூக் கிழிந்த வலையைப் பொத்துவதை நிறுத்தவில்லை.

“குருவிட பீயப் பாத்து அதுட வருத்தத்தக் கண்டுபுடிச்சிட்டாய். என்னப் பதினஞ்சி வருசமாப் பாக்கிறாய், மச்சான். போய் வா.”

மஜீட் திரும்பி வந்துவிட்டார்.

இது நடந்து நாலு வருடமாகிறது. மஜீட் அதே வீட்டில் நெய்கிறார். சாயம் ஏற்றிய நூலை வெளியில் வாங்குகிறார். கிளி உயிரோடிருக்கிறது. பாறூக் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஏறாவூருக்கே போய்விட்டார். அவருடைய காத்தான்குடி வீட்டில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள்.