நான்கு கட்டை பிரேக்கும் ஒரு கல்லும்

என் மனைவியின் அண்ணனுக்கு அந்தப் பழைய பந்தய பைக்கின் முன்சக்கரத்தைத் தவிர வேறு குலதெய்வம் கிடையாது. அண்டா மாதிரி ஒரு பிரேக் டிரம். காற்று புக அதன் முகத்தில் ஒரு வாய். சாதாரண வண்டிக்கு உள்ளே இரண்டு கட்டை என்றால் இதற்கு நான்கு. ஓடுகிற சக்கரமே நான்கையும் தன்னோடு இழுத்து அழுத்திக்கொள்ளுமாம். மலையடிவாரத்துக் காரவள்ளி டீக்கடையில் மூன்று பேருக்கு இதை விளக்கினார். மூவரும் டீயைக் கவனித்தார்கள்.

ஒற்றை சீட்டுக்குப் பின்னால் எனக்காக ஒரு பலகை கட்டியிருந்தார். இந்த வயதிலும் மறுக்கத் தெரியாத நான் ஏறி உட்கார்ந்தேன்.

மலை வளைந்தது, நாங்கள் வளைந்தோம், மிளகுக்கொடி சுற்றிய மரங்கள் வளைந்தன, அவர் பேச்சு மட்டும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து பஸ் இறங்கியது. மச்சான் வண்டியை நிறுத்தினார். இன்ஜின் அணைந்தது. பஸ் எங்களை உரசாமல் போயிற்று. அப்புறம்தான் வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

இரண்டு கால்களையும் தரையில் ஊன்றியதால் பின்பிரேக்கை மிதிக்க வழியில்லாமல், கிளட்சையும் முன்பிரேக்கையும் இறுகப் பிடித்திருந்தார் மச்சான். பிடித்து என்ன? சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் அந்த நான்கு கட்டைகளும் அழுத்துவதில்லை, தடவிக் கொடுக்கின்றன. பின்னால் லாரி இடித்து உடைந்த அரைச்சுவர். அதற்கப்பால் வெறும் பனி. நான் குதித்தால் வண்டி அவர்மேல் சாயும். குதிக்காவிட்டால் இருவரும் பள்ளத்தில்.

ஓரத்தில் ஒருவர் உர மூட்டை ஏற்றிய மொபெட்டைச் சுவரில் சாய்த்து, சூடாறட்டும் என்று நின்றிருந்தார். மலைமேலுள்ள வளப்பூர் நாட்டு விவசாயி. மூட்டைக் கயிற்றில் செருகியிருந்த முக்கோணக் கல்லை உருவி, எங்கள் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அவசரப்படக்கூட இல்லை. வண்டி நின்றது.

மூச்சு திரும்பியதும் மச்சான் நன்றி சொல்லவில்லை, விளக்கம் சொன்னார். முன்னால் ஓடுவதற்கென்றே செய்த பந்தய பிரேக் இது என்றார்.

"அப்ப இதைய மலைக்கு எதுக்குங்க கொண்டாந்தீங்க?" என்றார் விவசாயி.

நல்ல சந்தேகம்தான். மச்சான் ஒருவழியாக இன்ஜினை உசுப்பியதும் விவசாயி குனிந்து கல்லை எடுத்துக்கொண்டார்.

"இது எனக்கு வேணுமுங்க சாமி. நீங்க ஒண்ணு பொறுக்கிக்குங்க."

பொறுக்கினேன். பலகையில் மட்டும் மறுபடி ஏறவில்லை. மச்சான் ஏறிப் போய் ஒவ்வொரு வளைவிலும் எனக்காகக் காத்திருந்தார், திரும்பிப் பார்க்காமல். நான்கு கட்டை பிரேக்கின் ஐந்தாவது கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் பின்னாலேயே நடந்தேன்.